எல்லோர் தலைக்கு மேலும் டிலானி

மச்சான்,

அச்சடித்த தாள் சூட்டோடு வெளியே வரும்போது ஒரு மணம் வருமே, உனக்கா தெரியாது? உன் சட்டையில், உன் கையில், நீ எனக்கு ஊற்றித் தந்த தேத்தண்ணியில்கூட அந்த மணம்தான் அடிக்கும். இன்றைக்கு அது என் ஆட்டோவின் பின் சீட்டில் இருக்கிறது. உன்னுடைய ஓராண்டு நினைவுப் பிரசுரம். உன் மனிசிதான் அடிக்கக் கொடுத்துவிட்டா. படத்தில் நீ வழக்கம்போல அடையாள அட்டைக்கு இருந்த மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறாய். ஊரில் விழுந்த சாவுக்கெல்லாம் நல்ல படம் தேடிக் கொடுத்தவன், உனக்கென்று ஒரு சிரித்த படம் எடுத்து வைக்கவில்லை பார்.

உன் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். அதனால் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கிற பிள்ளை கெட்டிக்காரி. தாளை அடித்து முடித்துவிட்டு, இதையும் இணையத்தில் போட வேண்டுமா என்று கேட்டது. ஓம் என்று உன் மனிசி எழுதித் தந்த கடவுச்சொல்லை நீட்டினேன். பிள்ளை உன் பழைய பக்கத்தைத் திறந்தது. போன வருசம் உன் மரண அறிவித்தலைப் போட்ட பக்கம். திறந்ததும் புருவத்தைச் சுருக்கியது.

"அங்கிள், இதுக்கு மேல வேற ஆள்ட பேர் வருகிது. மேரி டிலானி எண்டு. ஆரது?"

"அவர்ட மகள்."

"அப்ப மகள்ட பேர்தானே. விடவா, மாத்தவா? மாத்திறதெண்டா ஒரு நிமிச வேலை."

"பொறு புள்ள" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஒரு நிமிச வேலைதான். அந்த ஒரு நிமிசத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான், மிச்சத் தாள்களின் பின்பக்கத்தில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். திருத்தித் தருகிறவன் நீ ஒருத்தன்தான்.

நாம் இரண்டு பேரும் சாவைச் சொல்லிப் பிழைத்தவர்கள். நான் ஆட்டோவுக்கு மேல் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அமிர்தகழியில் இருந்து களுதாவளை வரைக்கும் தெருத் தெருவாகச் சொன்னேன். நீ கடைக்குள் இருந்து கனடாவுக்கும் சுவிசுக்கும் சொன்னாய். செத்த வீட்டுக்காரர் முதலில் உன்னிடம் வருவார்கள். நீ கொம்பியூட்டரில் வேர்ட்டைத் திறந்து அறிவித்தலை அடிப்பாய். இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒரு முழத்துக்குப் போகும். பிறகு எனக்கென்று ஒரு பிரதி எடுப்பாய், எழுத்தைப் பெரிதாக்கி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு லீவு கொடுத்தவன் நான். நெருக்கமான எழுத்தைக் கண்டால் என் நாக்கு சைக்கிள் போல் சரிந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தாளை வாசித்துக்கொண்டு நான் போய்விடுவேன். நீ அதே அறிவித்தலை வெப் பக்கமாக மாற்றி இணையத்தில் ஏற்றுவாய்.

அதை உனக்குக் காட்டித் தந்தவள் டிலானி. கொம்பியூட்டர் வகுப்பில் படித்ததை அப்படியே வந்து உனக்குப் படிப்பித்தாள். "அப்பா, வேற பேரில சேமி எண்டு குடுங்க. கீழ வகையைத் தெரியுங்க. வெப் பக்கம் எண்டு இரிக்கி பாருங்க." உனக்கு அது விளங்க ஒரு மாரி காலம் போனது. முதலில் போட்ட பக்கங்களில் படமே வரவில்லை. படம் கிடக்கும் கோப்புறையையும் சேர்த்து அனுப்ப வேண்டும், நீயோ பக்கத்தை மட்டும் அனுப்பினாய். செத்தவரின் முகம் இருக்க வேண்டிய பெட்டிக்குள் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம் நின்றது. லண்டனில் இருந்து ஒரு மனிசன் தொலைபேசியில் எடுத்து, "எங்கட அப்பா என்ன பிழை விட்டவர் எண்டு பிழை போட்டிருக்கிறீங்க?" என்று கத்தினான். நான் சொன்னேன், என் கணக்குக் கொப்பி முழுக்க அதே அடையாளம்தான், நான் இன்னும் சாகவில்லையே என்று. டிலானி சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துவிட்டாள்.

அந்த வருசம் மழை விட்டதும் டெங்கு வந்தது. ஊரெல்லாம் வந்தது. எல்லா வீட்டிலும் காய்ச்சல் வந்து போனது. உன் வீட்டில் வந்தது போகவில்லை.

அன்றைக்கு உன் வீட்டில் அறிவித்தல் அடிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி பெட்டிக்குள் கிடந்தாள். நான் வேறு கடையில் கொடுக்கிறேன் என்றேன். நீ கேட்கவில்லை. கடையைத் திறந்து, கதிரையில் இருந்து, நீயே அடித்தாய். பேரை மேலே போட்டாய். படத்தை வைத்தாய். சேமித்தாய். கோப்புறையையும் மறக்காமல் சேர்த்து அனுப்பினாய். படம் சரியாக வந்தது. எனக்கும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி தந்தாய். நீ பிழையில்லாமல் செய்த முதல் பக்கம் அது.

அதற்குப் பிறகு விழுந்த சாவுகளுக்கெல்லாம் நீ அவளுடைய பக்கத்தைத்தான் திறந்தாய். அவள் பேரை அழித்து, படத்தை எடுத்து, சொந்தக்காரரை எல்லாம் மாற்றி, புதிய ஆளின் பேரில் சேமிப்பாய். கறுப்புக் கரை இருக்கிறது, எழுத்து அளவெல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஏன் வெறும் தாளில் இருந்து தொடங்குவான் என்பாய். எனக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. கொம்பியூட்டர் வைத்திருக்கிற எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். கலியாண அழைப்பிதழும் அப்படித்தான் பிறக்கிறது.

ஆனால் வேர்ட்டுக்குள் கண்ணுக்குப் படாத ஒரு பெட்டி இருக்கிறது. ஓட்டமாவடியில் இருந்து கொம்பியூட்டர் திருத்த வருகிற ரஸ்மி பிறகு எனக்கு அதை விளக்கினான். முதன்முதல் சேமித்தபோது மேலே இருந்த பேரை அது தலைப்பென்று எடுத்து உள்ளே வைத்துக்கொண்டதாம். தாளில் இருக்கும் பேரை ஆயிரம் முறை மாற்றினாலும் அந்தப் பெட்டிக்குள் இருப்பது மாறாது. தாளில் அடித்தால் தெரியாது. வெப் பக்கமாக மாற்றினால் மட்டும் பக்கத்தின் உச்சியில் வந்து நிற்கும். "பழைய சட்டையை வேற ஆளுக்குப் போட்டு விட்டா, பைக்குள்ள இரிக்கிறதும் சேர்ந்துதானே அண்ணன் போகும்" என்றான் ரஸ்மி.

இப்படி எத்தனை கிழவர்கள், எத்தனை கிழவிகள், எத்தனை பேர் உன் மகளின் பேரைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு இணையத்தில் ஏறினார்கள்! ஒருவரும் கவனிக்கவில்லை. செத்த வீட்டில் படத்தைப் பார்ப்பார்கள், தங்கள் பேர் விடுபட்டதா என்று பார்ப்பார்கள். உச்சியில் இருக்கிற சின்ன எழுத்தை யார் பார்க்கிறது?

படுவான்கரையில் பெரிய வயற்காரரான போடியார் செத்தபோதுதான் பார்த்தார்கள்.

நினைவிருக்கிறதா? மறக்க மாட்டாய். நான் வாவிக்கு அந்தப் பக்கம் போய், பெரிய கேற்றுக்கு முன்னால் ஒலிபெருக்கியில் அவருடைய புகழை ஓதிக்கொண்டிருந்தேன். மருமகன்காரன் ஓடிவந்து மைக்கைப் பறித்தான். கனடாவில் இருக்கிற மகன் அந்தப் பக்கத்தைச் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறான். அப்படி அனுப்பினால் உச்சியில் இருக்கிற பேர்தான் பெரிதாக வருமாம். ஒவ்வொருவரின் தொலைபேசியிலும் போடியாரின் படத்தோடு பெரிய எழுத்தில் 'மேரி டிலானி' என்று போய் விழுந்திருக்கிறது. மத்தியானத்துக்குள் போடியாருக்கு டவுனில் ஒரு வேதக்காரப் பொம்பிளை இருந்ததாகவும், அவளுக்கு ஒரு மகள் இருப்பதாகவும், காணியில் பங்கு கேட்டுத்தான் பேரைப் போடுவித்திருக்கிறாள் என்றும் கதை கட்டி முடித்துவிட்டார்கள். பிணம் நடுவில் கிடக்க, போடியாரின் தங்கைமார் ஒரு பக்கமும் பெண்சாதியின் ஆட்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள்.

"ஆருடா அந்த டிலானி? போட்டவனைக் கூட்டிக்கொண்டு வா!" என்றான் மருமகன்.

வந்து உன்னை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க நான்தான், "பயப்பிடாத மச்சான், அடிச்சாங்கள் எண்டா உன்ட அறிவித்தலை நான் ஓசியில சொல்லுறன்" என்று அலட்டிக்கொண்டு வந்தேன்.

பந்தலுக்குள் போனாய். பிணத்தின் தலைமாட்டில் நின்றாய். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். "டிலானி என்ட மகள்" என்றாய். ஒரு சத்தம் எழும்பியது. அது அடங்கும்வரை நின்றுவிட்டு, "மோசம் போயிட்டாள். அவளுக்கு அடிச்ச பக்கத்திலதான் நான் எல்லாருக்கும் அடிக்கிறன்" என்றாய்.

போடியாரின் பெண்சாதி உன்னைக் கிட்டக் கூப்பிட்டா. அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"எத்தின வயசு மனே?"

"பத்தொன்பது."

"என்ன நோய்?"

"டெங்கு."

அவ புருசனின் முகத்தைப் பார்த்தா. பிறகு சொன்னா: "பாவம்தான். நான் உன்னோட சண்டை பிடிக்கல்ல. எண்டாலும் மனே, இவரு இவர்ட பேரோட போகட்டும். உன்ட புள்ளையும் அவட பேரோட போகட்டும். ஆக்கள்ட தலைக்கு மேல ஏன் அதை ஏத்தி வெச்சிரிக்கா?"

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாய்.

திரும்பி வரும்போது நான் மறுகாவும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்திருந்தா டிலானிக்கு வட்டைக்குள்ள ரெண்டு துண்டு வயல் கிடைச்சிரிக்கும்" என்றேன். நீ சிரித்தாய். சத்தமாகச் சிரித்தாய். பிறகு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாய். அது சிரிப்பில்லை என்று கண்ணாடியில் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. வாவி ஓரமாக ஆட்டோவை நிற்பாட்டினேன்.

"மச்சான், உனக்கு முந்தியே தெரியுமா?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"அவளுக்குப் பிறகு போட்ட முதல் பக்கத்திலயே கண்டுட்டன்."

"எடுக்கத் தெரியல்லியா?"

"எடுக்கத் தெரியும். எடுக்க ஏலல்ல." வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "உயிரோட இரிக்கக்குள்ள அவள் கொழும்புக்குக்கூடப் போகல்ல மச்சான். இப்ப ஊரில ஒரு சாவு விழுந்தா, அவள்ட பேரும் ஒருக்காக் கனடா வரைக்கும் போய் வருகிது."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. வாழ்க்கையில் அது அபூர்வம் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த நாளே நீ தொடங்கிவிட்டாய். போடியாரின் பக்கத்தைத் திருத்தினாய். பிறகு மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகத் திறந்தாய். ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை அழித்து, உரியவரின் பேரை அடித்து, திரும்பவும் ஏற்ற வேண்டும். என் ஆட்டோச் சீட்டுக்குக் கீழே கிடந்த பழைய தாள்களைக் கொண்டுவந்து நான் பேர்களை வாசித்தேன். உனக்கு என் வாசிப்புத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

நான் எழுத்துக்கூட்டி ஒரு பேரை வாசித்து முடிக்கிற நேரத்துக்கு, நீ டிலானியை அழித்துக்கொண்டிருப்பாய். முழுவதையும் ஒரேயடியாகப் பிடித்து அழிக்கலாம் என்பது எனக்கே தெரியும். நீ கடைசி எழுத்தில் இருந்து ஒவ்வொன்றாக அழித்தாய். ஒரு அமத்து, ஒரு எழுத்து. இன்னொரு அமத்து.

"ஒரேயடியா அழிச்சுத் துலைய மாட்டியா?"

"ஏலா."

"விடிஞ்சிரும்."

"விடியட்டும். இப்ப மத்தியானம்தானே."

ரஸ்மி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தானே வீட்டில் வைத்துச் செய்து தருகிறேன் என்றான். "எங்கட முஸ்லிம் ஆக்களுக்கு இந்தக் கரைச்சல் இல்ல. நீங்க பக்கம் போட முந்தி அடக்கியே முடிஞ்சிரும்" என்று பகிடியும் விட்டான். நீ வேண்டாம் என்றுவிட்டாய். இது நான்தான் செய்ய வேணும் என்றாய். அவனும் பிறகு கேட்கவில்லை. ஏதும் பிழைத்தாலும் என்று எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு போனான்.

கடைசிப் பக்கம் முடிந்த அன்றைக்கு நீ கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "இனி ஆரும் என்னட்டக் கேக்க மாட்டாங்க, ஆர் டிலானி எண்டு."

அதை நீ ஆறுதலாகச் சொன்னாயா, என்னவாகச் சொன்னாய் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு உன்னைப் பார்த்து விளங்கிக்கொண்டேன். சாவுக்கு வந்தவர்களை நீ முகம் பார்த்துப் பேசவில்லை. படம் வாங்குவாய், பேர் எழுதுவாய், அடித்துக் கொடுப்பாய். நான் விட்ட பகிடிகள் உன் மேசையில் கிடந்து காய்ந்தன. மார்கழியில், நத்தார்ப் பூசைக்கு முதல் கிழமை, பின்னேரம், கதிரையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்தாய். நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஓடினேன். உன்னை அங்கே இறக்கத்தான் முடிந்தது. திரும்ப ஏற்றவில்லை.

உன் அறிவித்தலை நான் சொல்லவில்லை மச்சான். மைக்கைப் போட்டேன். தாளைப் பிடித்தேன். உன் கடை மூடிக் கிடந்ததால் வேறு இடத்தில் அடித்த சின்ன எழுத்து. ஆனால் எழுத்தில் குற்றமில்லை. இத்தனை வருசத்தில் மச்சான் என்று தவிர உன்னை நான் கூப்பிட்டதே இல்லை. உன் பேர் என் வாய்க்குப் பழக்கமில்லை. அது வர மறுத்துவிட்டது. வேறொரு ஆட்டோக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான். நல்லாகத்தான் சொன்னான்.

உன் இணையப் பக்கத்தை ரஸ்மி செய்தான். அன்றைக்கு அவனும் அழுதுகொண்டு, அவசரத்தில், கையில் கிடந்த பென்டிரைவில் இருந்து பழையதொன்றைத் திறந்து உன் பேரையும் படத்தையும் மாற்றிச் சேமித்திருக்கிறான். நீ திருத்த முந்தி எடுத்த பிரதி அது. அப்படித்தான் உன் தலைக்கு மேல் அவள் வந்து நிற்கிறாள். யாரும் வைக்கவில்லை. எல்லாரும் விடுகிற அதே பிழை.

இதைத்தான் நான் ஆட்டோவுக்குள் இருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ ஒவ்வொரு எழுத்தாக அழித்த பேர், நீ போன பிறகு தானாகவே உன்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இதை எடுக்க எனக்கு என்ன உரிமை? விட்டால், போடியாரின் பெண்சாதி சொன்னதற்கு என்ன மறுமொழி?

உன் மனிசிக்கு எடுத்துக் கேட்டேன். கதையைச் சொன்னேன்.

"தங்கச்சி, விடவா, மாத்தவா?"

"பொறுங்க அண்ணன்." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சேமக்காலையில ரெண்டு பேரையும் ஒரே குழியிலதானே வெச்சிரிக்கம். அங்க சேர்ந்திரிக்காங்க. அது காணும். பக்கத்தில அவர்ட பேரைப் போடுங்க. பாவம், அவர்ட பேர் ஒரு இடத்திலயாவது மேல இரிக்கட்டும்."

இதோ, எழுந்து உள்ளே போகிறேன்.

போய்விட்டு வந்துதான் இந்த மிச்சத்தை எழுதுகிறேன். பிள்ளை அந்தப் பெட்டியைத் திறந்துவிட்டு, "என்ன பேர் போட அங்கிள்?" என்று கேட்டது. நானே அடிக்கிறேன் என்றேன். கதிரையை விட்டு எழும்பித் தந்தது. கடைசி எழுத்தில் இருந்து தொடங்கினேன். ஒரு அமத்து, ஒரு எழுத்து. பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "அண்ணன், ஒரேயடியா அழிக்கலாமே" என்றார். எனக்குத் தெரியாதென்று நினைத்தார் போல. பெட்டி வெறுமையானது. பிறகு உன் பேரை அடித்தேன். எழுத்தைத் தேடித் தேடி, ஒற்றை விரலால். உன் பேர் எவ்வளவு நீளம் மச்சான்! வாயால் சொல்ல ஏலாமல் போனது விரலால் வந்தது. பிள்ளை சேமித்து, ஏற்றி, திரும்பத் திறந்து காட்டியது. மேலே நீ, கீழே நீ. விறைத்த படம்.

இப்போது இணையத்தில் டிலானியின் பேர் இருக்கிறது ஒரே ஒரு பக்கத்தில். அவளுடையதில்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீ போனதற்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் பிடித்திருக்கிறது. மைக்கைப் போட்டு, "மரண அறிவித்தல்" என்று சொன்னதும், செத்தவரின் பேரைச் சொல்ல முந்தி என் வாய் கொஞ்சம் நிற்கும். அவள் பேர் அளவுக்கு நிற்கும். பிறகுதான் மற்றது வரும். நானாக நிற்பாட்டுவதில்லை. மைக் பழுது, திருத்து என்று தெருவில் சனம் கத்துகிறது. ஓம், திருத்துவம் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன்.